மைக்ரா: மருத்துவக் கவனக்குறைவு இழப்பீட்டுக்குக் கலிபோர்னியா போட்ட வரம்பு

மைக்ரா என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975-இல் இயற்றிய மருத்துவக் காய இழப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் சுருக்கப் பெயர். மருத்துவரின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்ட நோயாளி வலி, மன வேதனை, உடல் ஊனம், உருக்குலைவு ஆகியவற்றுக்காகப் பெறும் இழப்பீடு 2.5 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது என்பதே அதன் மையமான விதி. மருத்துவச் செலவு, பறிபோன சம்பளம் முதலிய, பில்லும் ரசீதும் காட்டி நிரூபிக்கக்கூடிய நட்டங்களுக்கு வரம்பு கிடையாது. விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை 2022 முடியும் வரை 47 ஆண்டுகள் அப்படியே இருந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தமக்கும் ஒரு வரம்பு வகுத்துக்கொண்டன. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இன்றளவும் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

முன்வரலாறு

இழப்பீட்டுக்குச் சட்டம் உச்சவரம்பு விதிப்பது 1975-இல் பிறந்த யோசனை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விபத்து மரணங்களுக்கு நட்ட ஈடு கேட்க வழிசெய்த அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றில், ஓர் உயிருக்கு 5,000 டாலர் என்பதுபோல் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தது. நியூயார்க் மாநிலம் 1894-இல் தன் அரசியலமைப்பிலேயே அத்தகைய வரம்புக்குத் தடை போட்டது. 1929-இன் வார்சா உடன்படிக்கை, விமான விபத்தில் இறக்கும் பன்னாட்டுப் பயணிக்கான இழப்பீட்டை 1,25,000 பிராங்காக நிர்ணயித்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4,900 டாலர். 1957-இல் வந்த பிரைஸ்–ஆண்டர்சன் சட்டம் அணுமின் நிலைய விபத்துகளுக்கான பொறுப்புக்கு எல்லை கட்டியது.

ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கொடுக்கல் வாங்கல்களாக இருந்தன. விமானப் பயணி நிறுவனத்தின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. தன் மீது தவறில்லை என்று காட்டுவது நிறுவனத்தின் வேலை. ஆலைத் தொழிலாளிக்கான இழப்பீட்டுச் சட்டங்களும் அப்படித்தான்: தொகை குறைவு, ஆனால் யார் மீது பிழை என்ற வழக்கே வேண்டாம். மைக்ராவில் இந்த இரண்டாவது பாதி இல்லை. கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை முழுவதையும் நோயாளியே முன்போலச் சுமந்தார். வென்றால் கிடைப்பது மட்டும் குறைந்தது. அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி பிறகு நீதிமன்றத்திலும் எழுந்தது.

1975-இன் நெருக்கடி

மருத்துவப் பொறுப்புக் காப்பீடு மற்றக் காப்பீடுகளைப் போன்றதல்ல. வீடு எரிந்தால் அடுத்த வாரமே தெரிந்துவிடும். பிரசவத்தின்போது நேர்ந்த மூளைச் சேதமோ பல ஆண்டுகள் கழித்துத்தான் வழக்காக வரும். அன்றைய பாலிசிகள் சிகிச்சை நடந்த ஆண்டை வைத்துப் பொறுப்பேற்றன. அதனால் இந்த ஆண்டு வாங்கிய பிரீமியத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்பது நிறுவனத்துக்கே பத்தாண்டு புதிர். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணத்தை முதலீடு செய்து அவர்கள் லாபம் பார்த்தார்கள். 1973–74-இல் பங்குச் சந்தை சரிந்ததும் அந்த லாபம் வற்றியது. அதே சமயத்தில் வழக்குகளும் தீர்ப்புத் தொகைகளும் ஏறிக்கொண்டிருந்தன. வட கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான மருத்துவர்களுக்குக் காப்பீடு அளித்துவந்த ஆர்கோநாட் நிறுவனம், கூட்டுப் பாலிசியைத் தொடர மறுத்தது. வேறு பாலிசி வேண்டுமென்றால் பிரீமியம் பல மடங்கு.

1975 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் மயக்க மருந்து நிபுணர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அறுவை அரங்கே பூட்டிக் கிடக்க வேண்டியதுதான். அவசரமற்ற அறுவை சிகிச்சைகளை மருத்துவமனைகள் தள்ளிவைத்தன. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் மருத்துவர்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அந்த ஜனவரியில்தான் பதவியேற்றிருந்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். உறுப்பினர் பாரி கீன் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, செப்டம்பரில் பிரவுன் அதில் கையெழுத்திட்டார். நெருக்கடி தொடங்கிச் சட்டம் பிறக்க ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அதே சமயத்தில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. யார் பிழை என்று பார்க்காமல், சிகிச்சையால் கெடுதல் நேர்ந்த எல்லோருக்கும் பணம் தரும் திட்டம் கட்டுப்படியாகுமா என்று அறிய, கலிபோர்னியாவின் மருத்துவர் சங்கமும் மருத்துவமனைகள் சங்கமும் தாமே ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்திருந்தன. டான் ஹார்ப்பர் மில்ஸ் என்ற மருத்துவர்–வழக்கறிஞரின் தலைமையில், 1974-ஆம் ஆண்டு 23 மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் 20,864 மருத்துவக் குறிப்பேடுகள் புரட்டப்பட்டன. நூற்றுக்கு 4.65 பேர் சிகிச்சையாலேயே பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் சுமார் 17 விழுக்காட்டினரின் விஷயத்தில் நீதிமன்றம் மருத்துவரைப் பொறுப்பாக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். முடிவுகள் 1977-இல் வெளிவந்தன. எல்லோருக்கும் கொடுப்பதென்றால் செலவு தாங்காது என்பதே சங்கங்களுக்குக் கிடைத்த பாடம். பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிலரே வழக்குப் போடுகிறார்கள் என்ற மறுபக்கத்தைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

சட்டத்தின் விதிகள்

வரம்பு மட்டுமே மைக்ரா அல்ல. வழக்குப் போடுவதற்கான காலம் சுருங்கியது: பாதிப்பைக் கண்டறிந்ததிலிருந்து ஓராண்டு, காயம் நேர்ந்ததிலிருந்து மூன்றாண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது. வழக்குத் தொடுக்க 90 நாள் முன்பே மருத்துவருக்கு அறிவிப்புத் தர வேண்டும். நோயாளியின் சொந்தக் காப்பீடு ஏற்கெனவே சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டது என்பதைப் பிரதிவாதி ஜூரியிடம் சொல்லலாம். மற்ற விபத்து வழக்குகளில் அதற்கு அனுமதியில்லை. வருங்காலச் செலவுக்கான தொகை 50,000 டாலரைத் தாண்டினால் அதைத் தவணையில் கட்டலாம். நோயாளி இடையிலேயே இறந்துவிட்டால் மீதிச் சிகிச்சைத் தவணை நின்றுபோகும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால், வக்கீல் கட்டணத்துக்கும் ஒரு படிநிலை அளவு வந்தது. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளை வக்கீல்கள் ‘வென்றால்தான் கட்டணம்’ என்ற அடிப்படையில் எடுப்பார்கள். தோற்றால் நிபுணர் சாட்சிகளுக்குக் கொடுத்த பணமும் பெரும்பாலும் அவர்கள் கையைக் கடிக்கும். எனவே எந்த வழக்கு நீதிமன்றப் படியேறும் என்பதை முதலில் தீர்மானிப்பவர் வக்கீல்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர் தவறான சிகிச்சையால் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பள இழப்பு இல்லை. வருங்கால மருத்துவச் செலவும் இல்லை. மிஞ்சுவது குடும்பம் அவரது துணையை இழந்ததற்கான 2.5 லட்சம் டாலர். வாரிசுகள் எத்தனை பேர் என்றாலும் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். பின்னாளில் தளர்த்தப்பட்ட அளவின்படி பார்த்தாலும், முதல் 50,000-இல் 40 விழுக்காடு, அடுத்த 50,000-இல் மூன்றில் ஒரு பங்கு, மீதி 1,50,000-இல் கால் பங்கு என வக்கீலுக்குச் சேருவது 74,167 டாலர். மூன்று நான்கு ஆண்டு நீளும் வழக்கு, இரண்டு மூன்று துறை நிபுணர்களின் சாட்சியம், தோற்கும் அபாயம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ‘வருந்துகிறேன், என்னால் எடுக்க முடியாது’ என்று வக்கீல் கையை விரித்துவிடுவார். குழந்தையின் மரணமும், சம்பளமில்லாமல் வீட்டைக் கவனித்துவந்தவரின் மரணமும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் விழுந்தன. வரம்பின் மெய்யான வேலை தீர்ப்பு நாளில் நடப்பதைவிட வக்கீல் அலுவலகத்தின் முதல் சந்திப்பிலேயே அதிகம் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

சட்டம் வந்தவுடன் பிரீமியம் இறங்கிவிடவில்லை. 1976 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார மருத்துவர்கள், காப்பீட்டுக் கட்டண உயர்வை எதிர்த்து வாரக் கணக்கில் பணியைக் குறைத்துக்கொண்டார்கள். அவசரமற்ற அறுவை சிகிச்சைகள் நின்ற அந்த வாரங்களில் மாவட்டத்தின் இறப்பு விகிதமும் குறைந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டது, மருத்துவர்களுக்கு உதவக்கூடிய செய்தியல்ல. வணிக நிறுவனங்கள் விலகிய இடத்தில் மருத்துவர்கள் தாங்களே சொந்தமாகக் காப்பீட்டு நிறுவனங்களைத் தொடங்கினார்கள். நார்கால், டாக்டர்ஸ் கம்பெனி ஆகியவை அந்த ஓரிரு ஆண்டுகளில் பிறந்தவை. வழக்குத் தொடுக்கப்பட்ட ஆண்டை வைத்துப் பொறுப்பேற்கும் புது வகைப் பாலிசியும் அப்போதுதான் பரவி, பத்தாண்டுப் புதிரைப் பெருமளவு தீர்த்தது. பிரீமியம் பின்னாளில் நிதானப்பட்டதில் இந்த மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. பெருமை முழுதும் வரம்புக்கே போய்ச் சேர்ந்தது.

நீதிமன்றத்தில்

சட்டம் செல்லுமா என்ற கேள்வி பத்தாண்டுகள் தொங்கியது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984-இல் தவணை முறையையும், 1985-இல் வக்கீல் கட்டண அளவையும் ஏற்றது. 2.5 லட்சம் வரம்பு பற்றிய தீர்ப்பு 1985 பிப்ரவரியில் ‘ஃபைன் எதிர் பெர்மனென்டே மருத்துவக் குழு’ வழக்கில் வந்தது.

வழக்கின் கதை எளிமையானது. 34 வயது வக்கீல் ஒருவர், சட்டமன்றத்துக்கு மசோதா எழுதித் தரும் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர், 1976 பிப்ரவரியில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது நெஞ்சில் வலியை உணர்ந்தார். சில நாள் கழித்து மருத்துவமனையில் அவரைப் பார்த்த செவிலியர், மருத்துவரைக் கலந்து, தசைப் பிடிப்பு என்று வேலியம் மாத்திரை தந்து அனுப்பினார். அன்று நள்ளிரவு தாண்டி வலி கடுமையானது. மனைவி காரில் அழைத்துப் போனார். அவசரப் பிரிவு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, அவரும் தசைப் பிடிப்பு என்றே சொல்லி வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் வேறொரு மருத்துவர் இசிஜி எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. ஜூரி அவருக்கு வருங்காலச் சம்பள இழப்புக்காக 7,00,000 டாலரும், மருத்துவச் செலவு முதலியவற்றுக்குத் தனித் தொகைகளும், வலி வேதனைக்காக 5,00,000 டாலரும் தந்தது. கடைசித் தொகையை நீதிபதி சட்டப்படி இரண்டரை லட்சமாக, சரிபாதியாகக் குறைத்தார்.

நான்குக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிபதி ஓட்டோ காஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் இது: இழப்பீட்டின் குறிப்பிட்ட அளவு எவருக்கும் சொத்துரிமை ஆகாது, ஜூரிக்கு ஜூரி பெரிதும் மாறும் வேதனைத் தொகைக்கு எல்லை போட்டால் காப்பீட்டுச் செலவைக் கணிக்க முடியும் என்று சட்டமன்றம் கருதியதில் நியாயம் உண்டு, ஈடாக ஏதாவது தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாறுபட்ட தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், மருத்துவக் காப்பீட்டு நெருக்கடியின் செலவை மிகக் கடுமையாகக் காயமடைந்தவர்களின் தலையில் மட்டும் கட்டுவது எவ்வகையில் சமத்துவம் என்று கேட்டார். சிறு காயம் பட்டவருக்கு வரம்பு தொடவே தொடாது. கை கால் விளங்காமல் போனவருக்குத்தான் வெட்டு விழும். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதில் கூட்டாட்சிச் சட்டக் கேள்வி எதுவும் பெரிதாக இல்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. நீதிபதி பைரன் வைட் மட்டும் அதில் மாறுபட்டார்.

ஒரு கைத்துண்டில் எழுதிய உடன்பாடு

1987 செப்டம்பரில் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் சாக்ரமெண்டோவில் ஓர் இரவு நடந்ததை, மைக்ராவின் வரலாற்றைச் சொல்கிற எவரும் விடுவதில்லை. சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகே, அரசியல்வாதிகள் கூடும் ஃபிராங்க் ஃபேட்ஸ் என்ற சீன உணவகம். மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், வழக்கு வக்கீல்கள், உற்பத்தியாளர்கள் என ஒருவரையொருவர் தேர்தல் பணத்தால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தரப்புகளின் பிரதிநிதிகள் அங்கே உட்கார்ந்தார்கள். அவைத் தலைவர் வில்லி பிரவுன் முன்னிலையில் சமரசம் கூடிவந்தது. செனட்டர் பில் லாக்யர் அதன் அம்சங்களை மேசையில் இருந்த துணிக் கைத்துண்டிலேயே எழுதினார். மருத்துவர்களுக்கு 2.5 லட்சம் வரம்பு அப்படியே நீடிக்கும். வக்கீல்களுக்கு மருத்துவ வழக்குக் கட்டண அளவு தளரும். உற்பத்தியாளர்களுக்கு, சிகரெட் நிறுவனங்கள் உட்பட, பொருள் பொறுப்பு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு. ஐந்தாண்டுக்கு எவரும் எவர்மீதும் சண்டைக்குப் போவதில்லை. ஓரிரு நாளில் அது சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த மேசையில் நோயாளிகளின் சார்பில் நாற்காலி எதுவும் போடப்படவில்லை.

மற்ற மாநிலங்கள்

1975-இலேயே இண்டியானா வேறொரு வழியில் போனது. ஆளுநர் ஓட்டிஸ் போவன் தாமே ஒரு குடும்ப மருத்துவர். அங்கே வேதனைக்கு மட்டுமல்ல, மருத்துவச் செலவும் சேர்த்து மொத்த இழப்பீட்டுக்கே 5 லட்சம் டாலர் என்று வரம்பு வந்தது. மருத்துவர் முதல் ஒரு லட்சத்தைக் கொடுத்தால் போதும், மீதியை மாநில நிதி தரும். கலிபோர்னியா போலல்லாமல் இண்டியானா தன் தொகையை அவ்வப்போது உயர்த்தியது. 2019-இல் அது 18 லட்சம் ஆயிற்று.

இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் 1976, 1997, 2010 என மூன்று முறை தன் சட்டமன்றம் கொண்டுவந்த வரம்புகளை ரத்து செய்தது. நடுவிலுள்ளது மருத்துவ வழக்குகளுக்கும் அப்பால் விரிந்த சட்டம். ஜார்ஜியாவில் 2005-இன் 3.5 லட்சம் வரம்பு, ஜூரி விசாரணை உரிமையைக் குலைக்கிறது என்று 2010-இல் வீழ்ந்தது. ஃபுளோரிடாவின் வரம்புகள் 2014, 2017 தீர்ப்புகளில் போயின. அரிசோனா, கென்டக்கி, பென்சில்வேனியா, வயோமிங் மாநிலங்களின் அரசியலமைப்புகளே இத்தகைய வரம்பை அனுமதிப்பதில்லை. டெக்சாஸ் எதிர்த்திசையில் சென்றது: முதல் வரம்பை அதன் உச்ச நீதிமன்றம் 1988-இல் மறுத்துவிட்டதால், 2003-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பையே திருத்தி, மருத்துவர்களுக்கு 2.5 லட்சம் என்று நிலைநாட்டிக்கொண்டது. 51 விழுக்காடு வாக்கில் அது தப்பியது. நாடு முழுவதற்கும் கலிபோர்னியாவின் தொகையையே சட்டமாக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் முயன்றார். கீழவை ஏற்றும் செனட் விடவில்லை.

பலன் குறித்த வாதங்கள்

வரம்பால் பிரீமியம் குறைந்ததா என்ற வாதம் கலிபோர்னியாவில் முடிந்தபாடில்லை. 1988 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவு, காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்துமுன் மாநில ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்றது. கட்டணம் தணிந்ததற்கு மைக்ராவே காரணம் என்கிறது மருத்துவர் தரப்பு. 1975-க்குப் பின் பத்தாண்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த கட்டணம் 1988-க்குப் பிறகே அடங்கியது என்கிறது நுகர்வோர் தரப்பு.

வரம்பு யாரைத் தொட்டது என்பதில் இவ்வளவு குழப்பம் இல்லை. 1995 முதல் 1999 வரை கலிபோர்னியாவில் நோயாளி வென்ற 257 ஜூரித் தீர்ப்புகளை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டது. 45 விழுக்காடு வழக்குகளில் வரம்பு விழுந்திருந்தது. மரண வழக்குகளில் அது 58 விழுக்காடு. பிரதிவாதிகள் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை 30 விழுக்காடு குறைந்தது. வழக்குகள் மிகுதி என்ற அடிப்படை நம்பிக்கையையும் ஓர் ஆய்வு அசைத்தது. நியூயார்க் மருத்துவமனைகளின் 1984-ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளைப் பார்த்த ஹார்வர்டு ஆய்வில், கவனக்குறைவால் காயமுற்றதாக அடையாளம் காணப்பட்ட 280 பேரில் இழப்பீடு கோரியவர்கள் 8 பேர். ஆதாரமில்லாத வழக்குகளும் இருந்தன என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது வக்கீல்களின் வழக்கம்.

2014-உம் 2022-உம்

ஜெர்ரி பிரவுன் முதல் முறை ஆளுநராக இருந்து முடித்து, பதவியில் இல்லாத காலத்தில், தாம் கையெழுத்திட்ட வரம்பைத் தாமே குறை கூறி எழுதினார். 2011-இல் மீண்டும் ஆளுநராகி எட்டாண்டு இருந்தபோது அது மாறவில்லை. 2014-இல் 46-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. தொகையைச் சுமார் 11 லட்சமாக்கி, இனிமேல் விலைவாசியோடு உயரச் செய்வது அதன் நோக்கம். மக்களுக்குப் பிடிக்கும் என்று, மருத்துவர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனையையும் அதிலேயே செருகினார்கள். காப்பீட்டுத் தரப்பு பல கோடி டாலர் செலவில் பிரசாரம் செய்ய, மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் அதை நிராகரித்தனர்.

அடுத்த முன்மொழிவு 2022 நவம்பருக்குத் தயாராக இருந்தது. கொடிய காயங்களில் வரம்பையே செல்லாக்காசாக்கக்கூடியது அது. இம்முறை மருத்துவர் தரப்பு வாக்குச் சாவடிக்குப் போகத் துணியாமல் பேச்சுக்கு வந்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்பட, ஏபி 35 என்ற மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் மே மாதம் கையெழுத்திட்டார். 1975-இன் 2.5 லட்சம் டாலருக்கு நிகராக அப்போது 13 லட்சத்துக்கும் மேல் தேவைப்பட்டிருக்கும். உடன்பாடு அவ்வளவு தரவில்லை: 2023 ஜனவரி முதல் தொடுக்கப்படும் வழக்குகளில் உயிரோடிருப்பவருக்கு 3.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம். முன்னது ஆண்டுக்கு 40,000 வீதம் ஏறி 2033-இல் 7.5 லட்சமாகும், பின்னது 50,000 வீதம் ஏறி 10 லட்சமாகும். அதன்பின் இரண்டும் ஆண்டுதோறும் 2 விழுக்காடு உயரும். மருத்துவர்கள், மருத்துவமனைகள், வேறிடத்தில் நடந்த தனித் தவறு என மூன்று வரம்புகள் வரை ஒரே வழக்கில் சேரவும் வழியுண்டு. தவணை முறை தொடங்கும் தொகை 50,000-இலிருந்து 2.5 லட்சமாயிற்று. பழைய படிநிலைக் கட்டணம் போய், வழக்குத் தொடுக்குமுன் சமரசமானால் 25 விழுக்காடு, தொடுத்தபின் சமரசமானால் 33 விழுக்காடு என்றாயிற்று. மருத்துவர் நோயாளியிடம் மன்னிப்போ வருத்தமோ தெரிவித்தால், அந்தச் சொற்களை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது.

எந்த ஆண்டின் தொகை பொருந்தும் என்பது, தீர்ப்போ சமரசமோ எட்டப்படும் நாளைப் பொறுத்தது. 2025-இல் தொடுத்த வழக்கு 2028-இல் முடிந்தால் 2028-இன் அளவு. அண்டை மாநிலமான நெவாடா 2023-இலும், கொலராடோ 2024-இலும் இதே பாணியில் படிப்படியாக ஏறும் வரம்புகளுக்கு மாறின. அயோவா 2023-இல் பழையதைவிடக் கடுமையான, மருத்துவமனைக்கு 20 லட்சமும் மற்றவர்களுக்கு 10 லட்சமுமான வரம்பை இயற்றியது.